கொச்சி–கூட்டநாடு–பெங்களூரு–மங்களூரு எரிவாயுக் குழாய்த் திட்டம்

கொச்சி–கூட்டநாடு–பெங்களூரு–மங்களூரு எரிவாயுக் குழாய்த் திட்டம் என்பது, கேரளத்தின் கொச்சியில் இறக்குமதி செய்யப்படும் இயற்கை எரிவாயுவைக் கேரளம், தமிழ்நாடு, கருநாடகம் ஆகிய மூன்று மாநிலங்களுக்கு நிலத்தடிக் குழாய் வழியாகக் கொண்டு செல்வதற்கான திட்டம் ஆகும். இந்திய நடுவண் அரசின் பொதுத்துறை நிறுவனமான கெயில் இதனைச் செயற்படுத்துகிறது. இதன் தமிழகப் பகுதி கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருட்டிணகிரி ஆகிய ஏழு மாவட்டங்களின் ஊடாக ஏறத்தாழ 310 கிலோமீட்டர் நீளத்திற்கு வகுக்கப்பட்டது. விளைநிலங்களின் நடுவே குழாய் பதிப்பதை எதிர்த்த விவசாயிகள், அதனை நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு செல்லுமாறு கோரினர். இச்சிக்கல் தமிழக அரசுக்கும் கெயில் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்காக உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

பின்னணி

தமிழ்நாட்டில் கோவில்களப்பால், குத்தாலம், வழுதூர் ஆகிய இடங்களில் உள்ள எரிவாயு மின் நிலையங்கள் காவிரிப் படுகையிலும் இராமநாதபுரம் பகுதியிலும் எடுக்கப்படும் எரிவாயுவைக் கொண்டு இயங்க அமைக்கப்பட்டவை. கொங்கு மண்டலத்தில் இத்தகைய எரிவாயு வளம் இல்லை. கேரளத்தில் ஏறத்தாழ 360 மெகாவாட் திறன் கொண்ட காயங்குளம் மின் நிலையம், விலை மிகுந்த நாப்தாவை எரிபொருளாகக் கொண்டு அமைக்கப்பட்டது. மின் நிலையங்கள், உர ஆலைகள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் ஆகியவற்றுக்கு இறக்குமதி எரிவாயுவை வழங்கும் நோக்குடன் கொச்சி அருகே புதுவைப்பில் பெட்ரோநெட் நிறுவனம் நீர்ம எரிவாயு முனையம் ஒன்றை அமைத்தது. ஆண்டுக்கு 50 இலட்சம் டன் கையாளும் திறன் கொண்ட இம்முனையம் 2013-இல் செயல்படத் தொடங்கியது. எரிவாயுவை வெளியே கொண்டு செல்லும் குழாய்கள் முழுமை பெறாததால் பல ஆண்டுகள் இதன் திறனில் சிறு பகுதியே பயன்பட்டது.

வழித்தடம்

கொச்சியிலிருந்து வரும் குழாய் பாலக்காடு மாவட்டத்தின் கூட்டநாட்டில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை மலப்புறம், கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு மாவட்டங்கள் வழியே மங்களூருவை அடைகிறது. மற்றொரு கிளை வாளையாறு வழியாகத் தமிழகத்திற்குள் நுழைந்து, கோயம்புத்தூரிலிருந்து கிருட்டிணகிரி வரை சென்று பெங்களூருவை அடையுமாறு திட்டமிடப்பட்டது. கொங்கு மண்டலத்தில் இவ்வழித்தடத்தில் அமைந்த நிலங்களில் பெரும்பாலானவை சிறு, குறு விவசாயிகளுக்கு உரியவை. கிணற்றுப் பாசனத்தை நம்பிய தென்னந்தோப்புகளும் தோட்டங்களும் இவற்றுள் அடங்கும்.

சட்ட அடிப்படை

இந்தியாவில் எரிவாயுக் குழாய்கள் 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்கள் (நிலத்தில் பயன்பாட்டு உரிமை கையகப்படுத்தல்) சட்டத்தின் கீழ்ப் பதிக்கப்படுகின்றன. இச்சட்டத்தின்படி நிலம் கையகப்படுத்தப்படுவதில்லை. நிலத்தின் உரிமை விவசாயியிடமே இருக்கும்; குழாய் பதித்துப் பராமரிக்கும் பயன்பாட்டு உரிமை மட்டும் பெறப்படும். நடுவண் அரசு அறிவிக்கை வெளியிட்ட 21 நாட்களுக்குள் நில உரிமையாளர் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஏற்கெனவே குடியிருப்பாக உள்ள நிலத்திலோ, நிலையான கட்டடம் உள்ள நிலத்திலோ குழாய் பதிக்கக் கூடாது. குழாய் தரைமட்டத்திலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் இருக்க வேண்டும்.

குழாய் பதிக்கப்பட்ட பின்னர் அப்பட்டையில் பருவப் பயிர்களைச் சாகுபடி செய்யலாம். ஆனால் கட்டடம் எழுப்புதல், கிணறு அல்லது குளம் வெட்டுதல், மரம் நடுதல் ஆகியவை தடை செய்யப்பட்டுள்ளன. சேதமுறும் பயிர்களுக்கும் மரங்களுக்கும் தனியே இழப்பீடு உண்டு. பயன்பாட்டு உரிமைக்காக நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடு வழங்கப்படும்.

விவசாயிகளின் எதிர்ப்புக்கு இத்தடைகளே முதன்மைக் காரணம் ஆகும். 20 மீட்டர் அகலமுள்ள பட்டை ஒரு தோட்டத்தின் குறுக்கே 200 மீட்டர் நீளம் சென்றால் அதன் பரப்பு ஏறத்தாழ ஓர் ஏக்கர் ஆகும். இரண்டு அல்லது மூன்று ஏக்கர் மட்டுமே வைத்திருப்பவர் அப்பகுதியில் மீண்டும் தென்னை வைக்க இயலாது. பழைய கிணறு வற்றினால் அப்பட்டையில் புதுக்கிணறு வெட்டவும் இயலாது. பட்டா அவர் பெயரில் இருப்பினும் நிலத்தை விற்கும்போது விலை குறையும் என்பதும் விவசாயிகளின் வாதமாக இருந்தது.

எதிர்ப்பும் மாநில அரசின் முடிவும்

2013-இன் தொடக்கத்தில் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் காவல்துறைப் பாதுகாப்புடன் நிலத்தைத் தோண்டும் பணிகள் நடைபெற்றபோது போராட்டம் தீவிரம் அடைந்தது. எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் பலர் கைது செய்யப்பட்டனர். தமிழகத்தின் பெரும்பாலான அரசியல் கட்சிகள் விவசாயிகளுக்கு ஆதரவு தெரிவித்தன. மார்ச் 2013-இல் தலைமைச் செயலாளர் கோயம்புத்தூரில் விவசாயிகளின் கருத்துகளைக் கேட்டார்.

மார்ச் 25, 2013 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா சட்டப்பேரவையில் அரசின் முடிவை அறிவித்தார். விளைநிலங்களில் குழாய் பதிப்பதைக் கைவிட்டு நெடுஞ்சாலை ஓரமாகத் திட்டத்தை நிறைவேற்ற வேண்டும், தோண்டிய குழிகளை மூடி நிலத்தைச் சமன் செய்து விவசாயிகளிடம் ஒப்படைக்க வேண்டும், ஏற்பட்ட சேதத்துக்கு இழப்பீடு வழங்க வேண்டும் என்பவை அதன் கூறுகள் ஆகும்.

கெயில் நிறுவனம் இதனை ஏற்கவில்லை. சாலையோரங்களில் மக்கள் நெருக்கம் மிகுதி என்பதும், சாலைகள் எதிர்காலத்தில் விரிவாக்கப்படும் என்பதும் அந்நிறுவனத்தின் வாதம். குழாய்களுக்கும் பணிகளுக்கும் ஏற்கெனவே பெருந்தொகை செலவிடப்பட்டதையும் அது சுட்டிக்காட்டியது. தமிழகம் 2012, 2013-ஆம் ஆண்டுகளில் கடும் மின்வெட்டை எதிர்கொண்டிருந்த வேளையில், கோவை, சேலம் பகுதித் தொழிலகங்களுக்கு எரிவாயு மாற்று எரிபொருளாக அமையும் என்று திட்டத்தின் ஆதரவாளர்கள் கூறினர்.

நீதிமன்றத் தீர்ப்புகள்

மாநில அரசின் ஆணையை எதிர்த்துக் கெயில் நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நவம்பர் 25, 2013 அன்று உயர் நீதிமன்றம் அவ்வாணையை நீக்கித் தீர்ப்பளித்தது. குழாய் வழித்தடம் நடுவண் சட்டத்தின் கீழ் வருவதால் அதனைத் தடுக்க மாநில அரசுக்கு அதிகாரம் இல்லை என்பது தீர்ப்பின் அடிப்படை ஆகும். அதே வேளையில் பயன்பாட்டு உரிமைக்கான இழப்பீட்டைச் சந்தை மதிப்பில் 10 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காடாக உயர்த்தவும் நீதிமன்றம் கூறியது.

தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. பிப்ரவரி 2, 2016 அன்று தலைமை நீதிபதி டி. எஸ். தாக்கூர் தலைமையிலான அமர்வு இம்மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. இதனைத் தொடர்ந்து, வழித்தடத்தை மாற்றுமாறு கெயிலுக்கு அறிவுறுத்தக் கோரி முதலமைச்சர் ஜெயலலிதா பிரதமர் நரேந்திர மோதிக்குக் கடிதம் எழுதினார்.

பாதுகாப்புக் குறித்த அச்சம்

வழக்கு நிலுவையில் இருந்தபோது, சூன் 27, 2014 அதிகாலையில், ஆந்திரப் பிரதேசத்தின் அன்றைய கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் நகரம் என்னும் சிற்றூரில் கெயில் நிறுவனத்தின் குழாய் வெடித்தது. இதில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீடுகளும் தென்னை மரங்களும் எரிந்தன. அக்குழாய் கொண்டபள்ளி மின் நிலையத்துக்கு எரிவாயு கொண்டு சென்றது. ஈரப்பதம் நீக்கப்படாத எரிவாயு சென்றதால் குழாயின் உட்புறம் அரிக்கப்பட்டதே விபத்துக்குக் காரணமாகக் கூறப்பட்டது. இந்நிகழ்வுக்குப் பின் இழப்பீட்டைக் காட்டிலும் பாதுகாப்பே முதன்மையானது என்ற கருத்து கொங்குப் பகுதி விவசாயிகளிடையே வலுப்பெற்றது.

கேரளப் பகுதி

கேரளத்திலும் எதிர்ப்பு இருந்தது. நவம்பர் 2017-இல் கோழிக்கோடு மாவட்டத்தின் முக்கம் பகுதியில் போராட்டக்காரர்களுக்கும் காவல்துறையினருக்கும் இடையே மோதல் ஏற்பட்டது. அதன் பின்னர் கேரள அரசு இழப்பீட்டை உயர்த்தியது. 10 சென்ட் அல்லது அதற்குக் குறைவான நிலம் உள்ளவர்களுக்கு 5 இலட்சம் ரூபாய் வழங்க முடிவு செய்யப்பட்டது. ஏறத்தாழ 450 கிலோமீட்டர் நீளமுள்ள கொச்சி–மங்களூரு குழாய் சனவரி 5, 2021 அன்று பிரதமரால் தொடங்கி வைக்கப்பட்டது. இதற்கு ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் செலவானது.

பிற்கால நிகழ்வுகள்

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கெயிலுக்குச் சாதகமாக அமைந்த போதிலும் தமிழகத்தில் பணிகள் பல ஆண்டுகள் முன்னேறவில்லை. அளவீட்டுப் பணிகள் மீண்டும் தொடங்கியபோது தருமபுரி மாவட்டத்தில் எதிர்ப்பு எழுந்தது. ஏப்ரல் 2022-இல் அம்மாவட்ட விவசாயி ஒருவர் தம் நிலத்தில் குழாய் பதிப்பதை எதிர்த்துத் தற்கொலை செய்து கொண்டார். சனவரி 2, 2024 அன்று திருச்சிராப்பள்ளியில் நடைபெற்ற விழாவில், கிருட்டிணகிரி–கோயம்புத்தூர் இடையே 323 கிலோமீட்டர் நீளமுள்ள குழாய்க்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார்.

கோயம்புத்தூர் அருகே இருகூரிலிருந்து பெங்களூரு அருகே தேவனகொந்தி வரை பாரத் பெட்ரோலியம் நிறுவனம் திட்டமிட்ட எண்ணெய்க் குழாய்க்கும் கொங்கு மண்டல விவசாயிகள் இதே கோரிக்கையை முன்வைத்தனர். அதனையும் சாலையோரமாகவே பதிக்க வேண்டும் என்பது அவர்களின் நிலைப்பாடு ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

நெடுவாசல் போராட்டம்
காவிரிப் படுகை
எண்ணூர் நீர்ம எரிவாயு முனையம்