கேஷுவல் வேலைக்கு எதிர்ச்சொல் எது?



"வேலை நிரந்தரமா, கேஷுவலா?" தோட்டத்தில் வேலைக்குச் சேருவோர் கேட்கும் கேள்வி இது. கேஷுவல் என்ற ஆங்கிலச் சொல் நம் பேச்சில் கலந்துவிட்டது. அதற்குப் பொருள் பல. ஆகவே எதிர்ச்சொல்லும் பல. கேஷுவல் சந்திப்பு என்றால் தற்செயலானது. அதற்கு எதிர், திட்டமிட்ட சந்திப்பு. கேஷுவல் உடை என்றால் சாதாரண உடை. அதற்கு எதிர், சடங்குக்குரிய உடை. வேலை என்று வரும்போது எதிர்ச்சொல் எது? நம் தோட்டங்களின் வரலாறு காலத்திற்கொரு விடை தருகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாக மலாயாவுக்கு வந்த நம் முன்னோரின் வேலை, இன்று உண்டு நாளை இல்லை என்ற வேலையன்று. ஆண்டுக்கணக்கில் அவர்கள் கட்டுண்டு கிடந்தார்கள். கப்பல் செலவு அவர்கள் தலையில் கடனாக ஏறியது. வேலையை விட்டு ஓடினால் சிறை. அன்று கேஷுவலுக்கு எதிர்ச்சொல் 'அடிமைக்கட்டு'. அந்த முறை 1910-இல் ஒழிந்தது.

அதன்பின் கங்காணி முறையே ஓங்கியது. ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துத் தொழிலாளி விலகலாம். கட்டு அவிழ்ந்தது, ஆனால் பிடிப்பும் இல்லை. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது, பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. அதன்பின் 'ஒப்பந்தம்' என்ற சொல்லே வேறு பொருள் பெற்றது. முன்பு தொழிலாளியைக் கட்டிப்போட்ட சொல், கூட்டு ஒப்பந்தமாகி அவனைக் காக்க வந்தது.

ஆயினும் 1969-இல் இன்னொரு சோதனை வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச்சீட்டு வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. பல்லாண்டு பால்மரம் சீவிய சிவப்பு அடையாளக் கார்டுக்காரர், சீட்டை நம்பி வாழும் தற்காலிகத் தொழிலாளியானார். பலர் இந்தியாவுக்குத் திரும்பினர்.

இவற்றிலிருந்து நாம் அறிவது என்ன? எத்தனை ஆண்டு உழைத்தோம் என்பது மட்டும் வேலையை நிரந்தரமாக்குவதில்லை. விலகும் உரிமை தொழிலாளிக்கு வேண்டும்; நினைத்தவுடன் விலக்கும் உரிமை முதலாளிக்கு இருக்கக் கூடாது. இவ்விரண்டும் சேர்ந்ததே 'உறுதியான வேலை'. அதுவே நாம் தேடும் எதிர்ச்சொல்.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு கால அளவு குறிப்பிடாவிடில், வேலைநீக்கத்திற்கு முன்னறிவிப்பு வேண்டும். சேவை 2 ஆண்டுக்குக் குறைந்தால் 4 வாரம்; 2 முதல் 5 ஆண்டுக்குள் 6 வாரம்; அதற்கு மேல் 8 வாரம். ஆகவே, கையெழுத்திடுமுன் ஒப்பந்தத் தாளைப் படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாதவர், பள்ளி செல்லும் பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.