பிளேக்கும் தெள்ளுப்பூச்சியும்

மும்பை மாநகரில் வாழும் தமிழர்க்கு மாதுங்கா என்னும் பெயரை விளக்க வேண்டுவதில்லை. ஊரை விட்டு வந்தவர் பலர் முதலிலே தேடிச் சென்ற இடம் அது. அங்குள்ள தெருக்கள் அகலமானவை, நேராகச் செல்பவை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே காற்று உலவ இடம் விட்டிருக்கிறார்கள். துறைமுகத்தை அடுத்த மாண்டவி முதலிய பழைய பகுதிகளின் நெருக்கத்தைக் கண்டவர்கள், ஒரே நகரில் இத்துணை வேற்றுமை எவ்வாறு வந்தது என்று வியந்திருக்கக்கூடும். 1896-ஆம் ஆண்டில் அந்நகரைத் தாக்கிய பிளேக் என்னும் கொள்ளை நோயே அதற்குக் காரணம். அந்நோயை வீடுதோறும் கொண்டு சேர்த்ததோ எள்ளளவே உள்ள ஒரு பூச்சி. அப்பூச்சியின் மீது குற்றத்தை நிறுவப் பத்தாண்டுகள் ஆயின. அவற்றுள் பெரும்பகுதி, உண்மையை ஒருவர் கண்டு சொன்ன பின்னும் அதனை ஏற்காமையாலே கழிந்த காலம்.

1896 செப்டம்பரில் மாண்டவியில் ஒரு நோயாளியைப் பார்க்கச் சென்ற டாக்டர் அகாசியோ வியேகாஸ் என்பவர், கடுங்காய்ச்சலோடு நெறிகட்டியிருப்பதைக் கண்டு, இது பிளேக் என்று துணிந்து கூறினார். மாண்டவி தானியக் கிடங்குகள் நிறைந்த இடம். ஹாங்காங் துறைமுகத்தில் 1894-இல் பரவிய நோய் கப்பல் வழியாகவே இங்கு வந்திருக்க வேண்டும் என்பது அறிஞர் பலரின் கருத்து. நோயை உண்டாக்கும் கிருமியை யெர்சின் என்பவர் ஹாங்காங்கில் முன்னமே கண்டுபிடித்திருந்தார். ஆகவே இன்ன கிருமி என்பது தெரியும். அது மனிதனுடைய உடலுக்குள் எவ்வழியாகப் புகுகின்றது என்பதுதான் தெரியவில்லை.

தெரியாத இடத்தில் ஊகம் வந்து அமர்ந்தது. கிருமி மண்ணில் உறைகின்றது என்றனர் சிலர். அழுக்கிலும் கெட்ட காற்றிலும் இருக்கின்றது என்றனர் வேறு சிலர். அதற்கேற்பவே நடவடிக்கைகளும் அமைந்தன. சாக்கடைகளில் கடல் நீரும் கார்பாலிக் அமிலமும் பாய்ச்சப்பட்டன. வீட்டுச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. வெளிச்சம் விழுவதற்காகக் கூரை ஓடுகளை அகற்றினார்கள். சாக்கடையில் அமிலம் பாய்ந்தால் அங்குள்ள எலிகள் எங்கே போகும்? வீட்டுக்குள்தான் ஏறியிருக்கும். இன்று எளிதாகத் தோன்றும் இக்கேள்வி அன்று அதிகாரிகளின் மனத்தில் எழவில்லை.

1897-இல் தொற்றுநோய்ச் சட்டம் பிறந்தது. (2020-இல் கோவிட் நோய் பரவியபோது நம் அரசினர் முதலில் எடுத்தாண்டதும் இதே சட்டந்தான்.) அதன் பெயரால் வீடுகளைச் சோதித்தார்கள், நோயாளிகளை மருத்துவமனைக்கும், உடனிருந்தோரை முகாம்களுக்கும் கொண்டு சென்றார்கள், இரயில் பயணிகளை நிறுத்தி அக்குளையும் அரையையும் தடவிப் பார்த்தார்கள். மக்கள் கொதித்தனர். சட்டம் வருமுன்னரே, 1896 அக்டோபரில், ஆலைத் தொழிலாளர் ஏறத்தாழ ஆயிரம் பேர் ஆர்தர் ரோடு மருத்துவமனையைத் தாக்கினர். புனாவில் பிளேக் அதிகாரியாயிருந்த ராண்ட் 1897 ஜூன் 22-ஆம் நாளிரவு சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டார். அதை அடுத்துத் திலகர் சிறை சென்ற வரலாறு நேயர்கள் அறிந்ததே. அதே புனாவில், அவ்வாண்டு மார்ச்சில், நோயாளிகளுக்குத் தொண்டு செய்த சாவித்திரிபாய் பூலே அந்நோய்க்கே இரையானார். மும்பையின் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களில் பாதிக்குச் சற்றே குறைந்தவர்கள் நகரை விட்டு ஓடினர்.

அடக்குமுறை வேண்டாத இடத்தில் அடக்குமுறையும், வேண்டிய இடத்தில் அறியாமையும் இருந்தன என்றே சொல்ல வேண்டும். நெறிகட்டிய நோயாளியை வீட்டிலிருந்து இழுத்துச் சென்றதால் நோய் நின்றுவிடவில்லை. அந்நோயாளி பெரும்பாலும் மற்றவர்க்கு அதனைத் தருவதே இல்லை. தந்தவை அவ்வீட்டிலேயே தங்கிவிட்டன.

இந்நிலையில் 1897-இல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தாரால் அனுப்பப்பட்டு இந்தியாவுக்கு வந்தார் பால் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர். இவர் இரண்டு செய்திகளை ஊன்றிக் கவனித்தார். நோயாளிகள் சிலருடைய தோலில் சிறு கொப்புளம் ஒன்று இருந்தது; அதனுள் பிளேக் கிருமி நிறைந்திருந்தது. ஏதோ ஒன்று கடித்த இடம் போலும் அது! மற்றொன்று, செத்த எலியைப் பற்றியது. அப்போதுதான் செத்த எலியைத் தொட்டவர் நோயுற்றனர். செத்து நெடுநேரமாகிக் குளிர்ந்துபோன எலியை அப்புறப்படுத்தியவர்க்கு ஒன்றும் நேரவில்லை. எலியின் உடல் குளிர்ந்ததும் அதனை விட்டு நீங்குவது எது? தெள்ளுப்பூச்சி. நாயின் காதில் ஒட்டிக் கிடக்கும் உண்ணி வேறு, இது வேறு. இறகு இல்லாதது, பக்கவாட்டில் தட்டையானது, தாவித் தாவிச் செல்வது. குருதியே இதன் உணவு. அதுவும் சூடான உடலின் குருதி.

1898 ஜூன் 2-ஆம் நாள், கராச்சி நகரில் தாம் தங்கியிருந்த ஓட்டலிலேயே சிமோன் தம் சோதனையை நடத்தினார். ஆய்வுக் கூடம் இல்லை. பெரிய கண்ணாடிச் சாடி ஒன்றே கருவி. பிளேக் கண்ட எலியை அதனுள் விட்டார். தெள்ளுகள் போதாவென்று எண்ணி ஒரு பூனையிடமிருந்தும் சில பிடித்து விட்டார். எலி நோய் முற்றிய நிலையில் இருக்கையில், நலமான மற்றோர் எலியைச் சிறு கம்பிக் கூண்டில் வைத்து அதே சாடிக்குள் தொங்கவிட்டார். இரண்டும் ஒன்றையொன்று தொட வழியில்லை. தெள்ளு மட்டும் தாவலாம். நோயுற்ற எலி செத்தது. தொங்கிய எலியும் ஐந்தாறு நாட்களில் பிளேக் கண்டு மாண்டது. தெள்ளு இல்லாத எலிகளைக் கொண்டு செய்த சோதனையில் நோய் ஒன்றினின்று மற்றொன்றுக்குப் போகவில்லை.

அவ்வாண்டிலேயே சிமோன் இதனை வெளியிட்டார். ஏற்றவர் மிகச் சிலர். நோயை ஆராய இந்திய அரசினர் அமைத்திருந்த பிளேக் கமிஷன், இக்கொள்கையைப் பொருட்படுத்தத் தக்கதாகக் கருதவில்லை. இத்தனைக்கும், மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதை ரொனால்டு ராஸ் சிக்கந்தராபாத்தில் கண்டது 1897 ஆகஸ்டில். பூச்சி நோய் பரப்பும் என்பது அந்நாளில் கேட்டறியாத செய்தியன்று. ஆயினும் கமிஷனாரை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது. ஐரோப்பாவில் சிலர் சிமோனின் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்துத் தோல்வியுற்றனர். ஐரோப்பிய எலிகளில் மிகுதியாக வாழும் தெள்ளு வேறு இனம். அது மனிதரை எளிதிற் கடிப்பதில்லை. தெள்ளிலும் சாதி உண்டு என்பதை அன்று அறிந்தவர் இலர்.

இடைப்பட்ட ஆண்டுகளில் நோய் மும்பையை விட்டு நாடெங்கும் பரவியது. பெங்களூருக்கு 1898 ஆகஸ்டில் இரயில் வழியே வந்தது. மல்லேசுவரம், பசவனகுடி ஆகிய விரிவுப் பகுதிகள் அதன் பின்னரே விரைந்து எழுந்தன. சேலம், கோயம்புத்தூர் மாவட்டங்களும் தப்பவில்லை. பிளேக் மாரியம்மன் என்ற பெயரோடு கோவையில் கோயில் கொண்டிருக்கும் அம்மன் அக்காலத்தின் சான்று. சென்னை மாகாணத்துக்குள் வரும் பயணிகள் ‘பிளேக் பாஸ்போர்ட்’ வாங்கி, சேர்ந்த ஊரில் குறித்த நாட்கள் வரை அதிகாரியிடம் உடலைக் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. வெளிமாநிலத்திலிருந்து ஊர் திரும்பிய அந்நாளைய தமிழர் அடைந்த அவதியை நாம் ஊகித்துக் கொள்ளலாம். 1907-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் பதின்மூன்று இலட்சம் பேர் பிளேக்கால் மாண்டனர்.

சிமோன் விட்ட இழையை எடுத்தவர் மும்பையில் பணியாற்றிய கிளென் லிஸ்டன். 1903-இல் விக்டோரியா தோட்டத்து விலங்குகளில் கினிப் பன்றிகள் பிளேக் கண்டு மடிந்தன. அவற்றின் மேல் எலித் தெள்ளுகள் ஏராளமாக மொய்த்திருந்ததை லிஸ்டன் கண்டார். எலிகள் செத்து ஓய்ந்த ஒரு குடியிருப்பில், மனிதர் உடலிலிருந்தே எலித் தெள்ளுகள் பிடிபட்டன. உண்ண எலி இல்லாதபோது அவை மனிதனை நாடின.

1905-இல் புதிய ஆய்வுக் குழு ஒன்று வந்தது. இலண்டன் லிஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த சார்லஸ் மார்ட்டின் அதனைத் தொடங்கி வைத்தார். லிஸ்டனும் அதில் ஓர் உறுப்பினர். பரேலில் ஒரு காலத்தில் ஆளுநர் மாளிகையாயிருந்த கட்டிடத்தில் அது வேலை செய்தது. தடுப்பூசி மருந்தை ஆக்கி, 1897 ஜனவரி 10-ஆம் நாள் தம் உடலிலேயே முதலில் செலுத்திக்கொண்ட ஹாஃப்கின் என்பாரின் ஆய்வுக் கூடமும் அங்கேதான் இருந்தது. 1925 முதல் அவர் பெயரையே அது தாங்கி நிற்கிறது.

குழுவினரின் சோதனைகளில் எனக்கு மிகப் பிடித்தது, அளவுகோலை நம்பிச் செய்ததொன்று. தொற்றுடைய தெள்ளுகள் நிறைந்த சிறு அறைகளில் கினிப் பன்றிகளைக் கூண்டுகளில் தொங்கவிட்டனர். தரையிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் தொங்கியது பிளேக் கண்டது. இரண்டு அடி உயரத்தில் தொங்கியது நலமாயிருந்தது. காற்றால் நோய் பரவுமாயின், இரண்டு அடி உயரம் காற்றுக்கு ஒரு தடையாமோ? தெள்ளுக்கோ அது எட்டாத உயரம். மற்றொரு சோதனையில் விலங்கைச் சுற்றி ஆறங்குல அகலத்துக்குப் பசைத்தாள் விரித்தார்கள். தாவி வந்த தெள்ளுகள் பசையில் ஒட்டிக்கொண்டன, உள்ளே இருந்த விலங்கு தப்பியது. மண்ணென்றும் காற்றென்றும் பேசிய பேச்செல்லாம் ஒரு பசைத்தாளில் ஒட்டிக்கொண்டது.

அறைக்குள் கண்டதை ஊருக்குள்ளும் சரிபார்த்தனர். சயான், வடாலா, பரேல், வொர்லி என்னும் நான்கு ஊர்களை எடுத்துக்கொண்டு, எலிகள் சாவதையும் மனிதர் நோயுறுவதையும் நாள்தோறும் குறித்து வந்தனர். இன்று தமிழ்க் குரல் கேளாத நாளில்லாத சயானும் வடாலாவும் அன்று தனித்தனிச் சிற்றூர்கள். மும்பை நகரத்திலோ சாக்கடை எலி முதலில் மடிந்தது. ஏறத்தாழப் பத்து நாள் கழித்து வீட்டெலி. மேலும் பத்துப் பதினைந்து நாளில் மனிதன். கூரையில் எலி விழுந்து செத்தால் வீட்டை விட்டு வெளியேறிக் கொட்டகை போட்டுக்கொண்ட நம் கிராமத்து மக்களின் வழக்கம் அறிவுடையது என்பதும் இதனாற் புலனாயிற்று. அவர்களைப் பார்த்து நகைத்த அதிகாரிகளும் இருந்தனர்.

தெள்ளு கடித்தால் நோய் எப்படி உள்ளே செல்கிறது என்பது மட்டும் எஞ்சி நின்றது. 1914-இல் மார்ட்டினும் ஆர்தர் பேக்கட்டும் இலண்டனில் அதனை விடுவித்தனர். இந்தப் பேக்கட் பல ஆண்டுகள் அலுவலகக் குமாஸ்தாவாகவே காலம் கழித்தவர். ஓய்வு வேளையில் பூச்சி ஆராய்ந்து அறிஞரானவர். தெள்ளின் இரைப்பைக்கு முன்னே சிறிய பை ஒன்று உண்டு. குருதியோடு உள்ளே சென்ற கிருமிகள் அங்கே பெருகி, உறைந்து, வழியையே அடைத்துவிடுகின்றன. தெள்ளு உறிஞ்சும் குருதி வயிற்றை அடைவதில்லை. பசி தாளாது அது மீண்டும் மீண்டும் கடிக்கிறது. உறிஞ்சியது அடைப்பில் மோதிக் கிருமியோடு கடிவாயிலேயே திரும்ப வழிகிறது. பட்டினியால் சாகப்போகும் பூச்சியே இவ்வாறு கொலையும் செய்கின்றது. கடும் வெப்பமும் வறட்சியும் நேர்ந்தால் அடைபட்ட தெள்ளு விரைவில் மடியும். வட இந்தியாவில் கோடை முற்றியதும் பிளேக் தணிந்து வந்ததற்கு இது ஒரு காரணம்.

சென்னை நகரின் புதிருக்கும் இதே காலத்தில் விடை பிறந்தது. துறைமுகம் உண்டு, எலி உண்டு, நெருக்கம் உண்டு. ஆயினும் சென்னையில் பிளேக் வேரூன்றவே இல்லை. மும்பையில் மிகுந்திருந்தது கியோப்பிஸ் என்னும் தெள்ளு. எகிப்திய மன்னன் கியோப்ஸின் பெயரை அதற்கு இட்டவர் சார்லஸ் ராத்சைல்டு, ஆண்டு 1903. சென்னையிலும் கொழும்பிலும் மிகுந்திருந்ததோ அஸ்தியா என்னும் மற்றோர் இனம். அதனை 1911-இல் வேறுபிரித்துக் காட்டியவரும் அவரே. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பிளேக்கைச் சுமப்பதில் அஸ்தியா திறமற்றது. கொழும்பில் பணியாற்றிய ஹர்ஸ்ட் என்னும் மருத்துவர் இவ்வேற்றுமையை எடுத்துக் காட்டினார். கடற்கரை வெப்பத்துக்கும் இதில் பங்குண்டு என்பர். உள்நாட்டிலே, கம்பம் பள்ளத்தாக்கு போன்ற இடங்களில், 1930-ஆம் ஆண்டுகள் வரை பிளேக் தங்கியிருந்து ஆராய்ச்சிக்கு இடமாயிற்று.

இவ்வளவும் தெரிந்த பின் ஒழிப்பு முறையும் மாறியது. எலியை மட்டும் கொன்றால் தெள்ளு மனிதன் மேல் ஏறும்; ஆகவே தெள்ளை முதலில் அல்லது உடன் கொல்ல வேண்டும். 1940-ஆம் ஆண்டுகளில் டி.டி.டி. தூள் வந்தபோது, எலி நடமாடும் வழியில் அதனைத் தூவினர். எலியே தன் மயிரில் ஏந்தி வளைக்குள் கொண்டுபோய்த் தெள்ளுக்கு நஞ்சிட்டது. நோயுற்றவரைக் காக்க ஸ்ட்ரெப்டோமைசின் முதலிய மருந்துகளும் வந்தன. 1966-க்குப் பின் பல ஆண்டுகள் இந்தியாவில் மனிதரிடையே பிளேக் காணப்படவில்லை. டி.டி.டி.க்கு அசையாத தெள்ளுகள் தோன்றியதும் இக்காலத்தின் செய்தியே.

1994-இல் மராட்டிய மாநிலத்துப் பீட் மாவட்டத்திலும் சூரத் நகரிலும் நோய் திடீரென்று தலைகாட்டியது. பீட் மாவட்டத்து மாம்லா கிராமத்தில், நோய் வருமுன்பே வீடுகளில் தெள்ளுத் தொல்லை மிகுந்ததாக மக்கள் கூறியிருந்தனர். சூரத்தில் மும்பையின் 1896 திரும்பியது போலாயிற்று. இலட்சக்கணக்கானோர் இரயிலேறினர், அவர்களுள் பிழைக்க வந்த வெளிமாநிலத்தவரே மிகுதி.

இன்று தமிழ்நாடு, கருநாடகம், ஆந்திரம் மூன்றும் கூடும் எல்லைப் பகுதிகளில், பெங்களூரிலுள்ள பிளேக் கண்காணிப்பு நிலையத்தார் பொறி வைத்து எலிகளைப் பிடிக்கின்றனர். குருதியைச் சோதிப்பதோடு, எலியின் மயிரைச் சீவித் தெள்ளுகளை இனம் பிரித்து எண்ணுகின்றனர். சராசரியாக ஓர் எலிக்கு ஒன்றுக்கு மேல் கியோப்பிஸ் தெள்ளு காணப்பட்டால், மருந்து தூவ ஆட்கள் புறப்படுவர்.