மணியோசையும் மாவுப் பொட்டலமும்

மணி ஒலித்தது! ஆண்டவனைத் துயிலெழுப்ப அடித்த ஆலயமணி அன்று. 'அண்டை வீட்டுக்கு ஆபத்து, ஓடி வாருங்கள்!' என்று அழைக்க, ஓர் ஏழைத் தாய் அடித்த கைமணி. ஆண்டு 1915. இடம், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம்.

முதல் உலகப் போர் மூண்டிருந்த நேரம். கிளைடு ஆற்றங்கரைக் கப்பல் தளங்களுக்கும் போர்த்தளவாட ஆலைகளுக்கும் பாட்டாளிகள் படைபடையாய் வந்து குவிந்தனர். ஆள் பெருகிற்று, வீடு பெருகவில்லை. வீட்டுக்கு உடையவர்கள் என்ன செய்தனர்? வாடகையை ஏற்றினர்! கணவன் களத்திலே, குழந்தைகளுடன் மனைவி ஒற்றை அறையிலே, கதவைத் தட்டுகிறது கூடுதல் வாடகை கேட்கும் கை. கொடு, இல்லையேல் வெளியேறு! நாட்டைக் காக்கப் போனவனின் வீட்டைக் காக்க நாதியில்லை.

'எல்லாம் அவன் செயல்' என்று அந்தப் பெண்கள் ஏங்கிக் கிடந்தனரோ? இல்லை. 1914லேயே மகளிர் வீட்டு வசதிச் சங்கம் அங்கே அமைந்திருந்தது. கோவன் பகுதியில் மேரி பார்பர் என்னும் இல்லத்தரசி முன்னின்றார். ஹெலன் கிராஃபர்டு, ஆக்னஸ் டோலன் முதலியோர் தோள் கொடுத்தனர். பழைய வாடகையைத் தருவோம், ஏற்றிய தொகையைத் தரோம்; இதுவே அவர்தம் முழக்கம். 'வெளியேற மாட்டோம்' என்ற அட்டைகள் சன்னல்தோறும் தொங்கின. மாடிக் குடியிருப்பின் நுழைவழியில் மணியுடன் ஒருத்தி காவல் இருப்பாள். வெளியேற்ற அமீனா வந்தால் மணி ஒலிக்கும். அடுக்களை வேலையை அப்படியே போட்டுவிட்டு அணங்குகள் திரள்வர். அதிகாரி தலையில் மாவுப் பொட்டலங்கள் பொழியும்! வாளில்லை, வேலில்லை, ஒற்றுமை இருந்தது. நவம்பரில் ஏறத்தாழ 20,000 குடித்தனங்கள் இப்போரில் இறங்கியிருந்தன.

நவம்பர் 17. குடியிருப்போர் 18 பேர் வழக்குமன்றத்தில். ஆலைத் தொழிலாளர் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு, ஆயிரக்கணக்கில் பெண்களோடு அணிவகுத்தனர். வழக்கு கைவிடப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிற்று: சிறு வீடுகளின் வாடகை, 1914 ஆகஸ்டில் இருந்த அளவைத் தாண்டக்கூடாது! மேரி பார்பர் 1920ல் நகரமன்ற உறுப்பினரானார். 2018ல் கோவனில் அவருக்குச் சிலை எழுந்தது.

அடுத்த உலகப் போரின்போது அதே நெருக்கடி சென்னையையும் தொட்டது. 1941ல் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. 1949லும் 1960லும் சட்டங்கள் தொடர்ந்தன. 2017ல் இயற்றிய சட்டம் 2019 முதல் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாகவேண்டும் என்கிறது அது. நன்று. ஆனால், ஆசிரியப் பணிக்காகச் சென்ற ஊரில் வீடு தேடியபோது, வாடகை எவ்வளவென நான் கேட்குமுன், 'தம்பி என்ன சாதி?' என்று கேட்டார் ஒரு வீட்டுக்காரர். எழுத்தில் வராத ஒப்பந்தமன்றோ அது! அந்தக் கேள்வியைக் கேட்டுத் தலைகுனிந்து திரும்பியோர் எத்தனை பேர்!

தோழர்களே! வாடகைச் சட்டத்தை வானத்துத் தேவன் அருளவில்லை. மணியடித்த மாதர் பெற்றுத் தந்தனர். சட்டத்தைப் படியுங்கள், அறியாதார்க்கு எடுத்துரையுங்கள், வாசலில் சாதி கேட்கும் குரல் எழுந்தால், அந்தத் தெருவில் மணியடிக்க ஒருவராவது இருங்கள்!