வெனிலாவும் ஒரு அடிமைச் சிறுவனும்

வெனிலா ஐஸ்கிரீம் எல்லோருக்கும் தெரியும். எட்மண்டைத் தெரியுமா?

வெனிலாவின் தாயகம் மெக்சிகோ. அங்கே தேனீக்கள் மகரந்தச் சேர்க்கை செய்துவிடும். பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கொடியை இந்தியப் பெருங்கடலில், இன்று ரீயூனியன் எனப்படும் தீவில் நட்டார்கள். பூத்தது, காய்க்கவில்லை. காரணம், பூவில் மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் நடுவே ஒரு மெல்லிய மடல் தடுக்கிறது. பூ விரிந்திருப்பதும் ஒரே நாள்தான்.

1836-ல் பெல்ஜியத்தில் சார்லஸ் மோரன் என்ற தாவரவியலாளர் கையாலேயே காய்க்கவைத்தார். ஆனால் தோட்டத்துக்கு ஏற்ற சுலபமான வழியை 1841-ல் கண்டுபிடித்தவன் எட்மண்ட், 12 வயது அடிமைச் சிறுவன். ஒரு குச்சியால் மடலைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்தினான். அவ்வளவுதான்!

இன்றும் வெனிலாத் தோட்டங்களில் இதே முறைதான். முதலாளிகள் பணக்காரர்கள் ஆனார்கள். 1848-ல் விடுதலையும் 'அல்பியஸ்' என்ற குடும்பப்பெயரும் பெற்ற எட்மண்டோ, 1880-ல் வறுமையில் இறந்தார்.