பூவைப் பறித்தால் பரிசு! - 1864-ல் எழுந்த ஒரு எதிர்ப்பு

ஒரு பூவைப் பறித்து, இரண்டு தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி வைப்பதில் என்ன ஆபத்து இருக்க முடியும்? ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் 1864-ம் ஆண்டு இங்கிலாந்தில், இப்படி அழுத்தி உலர்த்திய செடிகளுக்கு ஒரு போட்டி அறிவிக்கப்பட்டபோது தாவரவியலாளர்கள் பலர் அதை எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களில் சார்லஸ் டார்வினும் ஒருவர்!

பூக்களை நேசித்தவர்களே ஏன் பூப் போட்டியை எதிர்த்தார்கள்? அதைத் தெரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தொடக்கம்

செடிகளை அழுத்தி உலர்த்திக் காகிதத்தில் ஒட்டி வைக்கும் வழக்கம் 16-ம் நூற்றாண்டு இத்தாலியில் பரவியது. பைசா நகரில் பாடம் நடத்திய லூக்கா கினி என்ற பேராசிரியர் இதற்கு முன்னோடியாகக் கருதப்படுகிறார். குளிர்காலத்தில் தோட்டத்தில் பூ இருக்காது. ஆனால் உலர்த்திய செடி இருந்தால் எந்த மாதத்திலும் பாடம் நடத்தலாம். இதுதான் ஹெர்பேரியம் எனப்படும் உலர் தாவரத் தொகுப்பு. அதாவது இது முதலில் அழகுக்காக அல்ல, படிப்புக்காகப் பயன்பட்ட ஒன்று.

ஒரு கிராமத்துப் பாதிரியார்

19-ம் நூற்றாண்டில் இதை மிக நன்றாகப் பயன்படுத்தியவர் ஜான் ஸ்டீவன்ஸ் ஹென்ஸ்லோ. கேம்பிரிட்ஜில் 1825 முதல் தாவரவியல் பேராசிரியர். டார்வினின் ஆசிரியரும் இவர்தான். பீகிள் கப்பலில் உலகைச் சுற்றிய டார்வின், தான் அழுத்தி உலர்த்திய செடிகளை இவருக்குத்தான் அனுப்பினார்.

ஹென்ஸ்லோ சஃபோல்க் பகுதியில் உள்ள ஹிச்சம் என்ற கிராமத்தில் பாதிரியாராகவும் இருந்தார். அங்கே 1852-ல் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாவரவியல் வகுப்பு தொடங்கினார். வகுப்பில் சேரவே ஒரு நிபந்தனை உண்டு. தாவரவியலின் கடினமான சில சொற்களைப் பிழையில்லாமல் எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டும்! பிறகு பிள்ளைகள் சுற்றுப்புறத்துக் காட்டுப் பூக்களைக் கொண்டு வந்து, பகுதி பகுதியாகப் பிரித்து, பெயர் சொல்லி, உலர்த்தியும் வைத்தார்கள். கிராமத்துத் தோட்டக் காட்சிகளில் அவர்களுக்குப் பரிசும் உண்டு.

ஹென்ஸ்லோவின் சொந்தத் தொகுப்பிலும் ஒரு விசேஷம் இருந்தது. ஒரே இனத்தைச் சேர்ந்த பல செடிகளை ஒரே தாளில் வரிசையாக ஒட்டுவார். சில குட்டை, சில நெட்டை. ஓர் இனத்துக்குள்ளேயே எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்று அந்தத் தாளைப் பார்த்தாலே தெரியும். அரிதான செடி கையில் இருக்கிறதா என்பதை விட, இருக்கும் செடியை எப்படிப் பார்க்கிறோம் என்பதே அவருக்கு முக்கியம்.

அரிது என்றால் மதிப்பு

ஆனால் எல்லோரும் ஹென்ஸ்லோ அல்லவே. 1836-ல் தொடங்கிய லண்டன் தாவரவியல் சங்கம் போன்ற அமைப்புகளில், உறுப்பினர்கள் உலர்த்திய செடிகளைத் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டார்கள். ஒருவர் தன் ஊரில் கிடைக்கும் அரிய செடியை அனுப்பினால், தன்னிடம் இல்லாத வேறு அரிய செடியைப் பெறலாம். பண்டமாற்று போலத்தான். பண்டமாற்றில் எதற்கு மதிப்பு? எல்லா இடத்திலும் கிடைக்கும் பொருளுக்கு யாரும் எதையும் தரமாட்டார்கள். எனவே தேடல் முழுவதும் அரிய செடிகளின் பக்கம் திரும்பியது.

1864 அறிவிப்பு

இந்தச் சூழலில்தான் ராயல் தோட்டக்கலைச் சங்கம் அந்தப் போட்டியை அறிவித்தது. ஒவ்வொரு கவுண்டியிலும், அதாவது ஒவ்வொரு மாவட்டத்திலும், அங்கே வளரும் செடிகளின் சிறந்த உலர் தொகுப்புக்குப் பரிசு. மக்களிடம் தாவரவியல் ஆர்வத்தை வளர்க்க வேண்டும் என்பதே நோக்கம். நோக்கத்தில் குற்றம் சொல்ல முடியாது.

ஹென்ஸ்லோ 1861-ல் இறந்த பிறகு கேம்பிரிட்ஜில் அவர் பதவிக்கு வந்த சார்லஸ் பாபிங்டனுக்கு இதில் ஓர் ஆபத்து தெரிந்தது. எதிர்ப்புக் கடிதம் தயாரானது. டார்வினும் கையெழுத்திட்டார். இந்தப் பரிசு அரிய செடிகளை அடியோடு அழித்துவிடும் என்பது அவர்கள் வாதம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வாதம் புரியும். ஒரு மாவட்டத்தில் 20 பேர் போட்டியிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணப் புல்லும் பூவும் 20 பேரிடமும் இருக்கும். அப்படியானால் வெற்றியைத் தீர்மானிப்பது எது? மற்றவரிடம் இல்லாத செடி. அந்த மாவட்டத்தில் ஒரே ஒரு சதுப்பு நிலத்தில் 15 செடிகள் மட்டும் இருந்தால், 20 பேரும் அங்கேதான் போவார்கள். நல்ல மாதிரி என்றால் வேரும் இருக்க வேண்டும். வேரோடு பிடுங்கினால் அடுத்த வருடம் முளைக்க என்ன மிச்சம்?

ஒருவர் பறிப்பது சிறு தவறு. 20 பேரையும் ஒரே இடத்துக்குப் போட்டி விதியே அனுப்பி வைப்பதுதான் பெரிய தவறு.

பயம் வீணானதா?

இல்லை. அந்தக் காலத்தில் இங்கிலாந்து பெரணிச் செடிகள் மீது பைத்தியமாக இருந்தது. சார்லஸ் கிங்ஸ்லி என்ற எழுத்தாளர் 1855-லேயே இதற்கு 'டெரிடோமேனியா', அதாவது பெரணிப் பித்து, என்று பெயர் வைத்தார். பெரணி இலைகளை அழுத்தி ஆல்பம் செய்வது, கண்ணாடிப் பெட்டியில் வளர்ப்பது என்று வீட்டுக்கு வீடு நடந்தது. கில்லார்னி பெரணி போன்றவை பல இடங்களில் பிடுங்கப்பட்டே மறைந்தன.

லேடீஸ் ஸ்லிப்பர் என்ற ஆர்க்கிட் பூவின் கதை இன்னும் சோகமானது. பார்க்கச் சின்னக் காலணி போல மஞ்சளாக இருக்கும். பறித்தும் பிடுங்கியும் விற்றும், 1917-ல் பிரிட்டனில் அழிந்துவிட்டது என்றே முடிவு செய்தார்கள். 1930-ல் யார்க்‌ஷயரில் ஒரே ஒரு செடி கண்டுபிடிக்கப்பட்டது. அது இருக்கும் இடத்தைப் பல ஆண்டுகள் ரகசியமாகக் காத்தார்கள். பிறகு கியூ தோட்ட விஞ்ஞானிகள் விதையிலிருந்து கன்றுகள் வளர்த்தனர். அப்படி வளர்த்து நட்ட செடி இயற்கைச் சூழலில் முதன்முதலாகப் பூத்தது 2000-ல்தான்.

இதற்கெல்லாம் 1864 போட்டிதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அரிதானதைக் கைப்பற்றுவதே பெருமை என்ற அதே மனப்பான்மைதான் இரண்டுக்கும் பின்னால் இருந்தது.

பறிக்காமலே ஒரு போட்டி

ஆர்வத்தைக் கொல்லாமல் விதியை மட்டும் மாற்ற முடியாதா? முடியும் என்று காட்டினார் எடித் வியர் டென்ட். இவர் 1886-ல் தொடங்கியது காட்டுப்பூ சங்கம். பூவைப் பார்த்தால் நாட்குறிப்பில் தேதியும் இடமும் எழுத வேண்டும். யார் அதிக வகைகளைப் பார்த்தார்கள் என்பதில் போட்டி. ஒரே செடியை நூறு பேர் பார்க்கலாம், நூறு பேரும் எழுதலாம், செடி அப்படியே இருக்கும்!

சட்டம் வர நீண்ட காலம் ஆனது. பிரிட்டனில் 1975 சட்டம் 21 அரிய செடிகளுக்குப் பாதுகாப்பு கொடுத்தது. 1981 சட்டத்தின்படி, நில உரிமையாளரின் அனுமதியில்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்கக் கூடாது. பட்டியலில் உள்ள அரிய செடிகளின் பூவைப் பறிப்பதே குற்றம்.

இன்றைய நடுவர்கள்

அழுத்திய பூ இன்று பெரும்பாலும் கலையாக மாறிவிட்டது. மொனாக்கோ இளவரசியான நடிகை கிரேஸ் கெல்லி உலர்ந்த பூக்களால் படங்கள் செய்து 1977-ல் பாரிஸில் காட்சி வைத்தார். அவர் பிறந்த ஃபிலடெல்ஃபியாவில் 1829 முதல் நடந்துவரும் மலர்க் காட்சியிலும் அழுத்திய செடிகளுக்குப் போட்டிப் பிரிவு உண்டு.

இத்தகைய போட்டிகளில் நடுவர்கள் பொதுவாகப் பார்ப்பது படத்தின் அமைப்பு, நிறம், வேலையின் சுத்தம். இதழ் பழுப்பாகியிருக்கிறதா, பசை தெரிகிறதா, ஈரம் மிச்சமிருந்து பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். சாதாரணத் தோட்டத்து டெல்ஃபினியம் நீலத்தை நன்றாகக் காக்கும். சிவப்புப் பூக்கள் பலவும் கறுத்துப்போகும். எனவே தாளை நேரத்துக்கு மாற்றி நன்றாக உலர்த்தத் தெரிந்தவர், கொல்லையில் பூத்த பூவை வைத்தே ஜெயிக்கலாம்.

ஹிச்சம் கிராமத்துப் பிள்ளைகளும் பக்கத்தில் கிடைத்த பூக்களை வைத்துத்தான் பரிசு வாங்கினார்கள். பூ எங்கே கிடைத்தது என்பதற்குப் பரிசு கொடுத்தால் காடு காலியாகும். அதை என்ன செய்தார்கள் என்பதற்குக் கொடுத்தால் கைத்திறன் வளரும். 1864-ல் கையெழுத்திட்டவர்கள் கேட்டது பூக்களை வெறுக்கச் சொல்லி அல்ல... பரிசு அறிவிக்கும் முன் கொஞ்சம் யோசிக்கச் சொல்லித்தான்.