டம்டம் ஆலையின் ராக் அண்ட் ரோல்

பீட்டில்ஸ் பாட்டு 78 சுற்று பிளேட்டில் வந்தது என்று சொன்னால் இங்கிலாந்துக்காரர்களே சட்டென்று நம்பமாட்டார்கள். அவர்கள் ஊரில் 1960 வாக்கிலேயே 78-இன் கதை முடிந்துவிட்டது. பீட்டில்ஸின் முதல் பார்லோஃபோன் தட்டு கடைக்கு வந்தது 1962 அக்டோபர் 5-ஆம் தேதி. ஆக, அங்கே அவர்கள் பாட்டெல்லாம் வினைலில்தான். கல்கத்தாவை ஒட்டிய டம்டம்மில் இருந்த கிராமபோன் கம்பெனி ஆலையோ 'ஷி லவ்ஸ் யூ', 'ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்' போன்றவற்றைக் கறுத்துக் கனத்த பத்து அங்குல 78 பிளேட்டாகவும் அடித்து விற்றது. உலகத்தில் இப்படிச் செய்த நாடுகள் மிகச் சில. அதனால் இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்த இந்தியப் பிளேட்டுகளை ஏலத்தில் போட்டி போட்டு எடுக்கிறார்கள்.

என்னிடமும் ஒன்று இருக்கிறது. விளிம்பில் நகக்கண் அளவு உடைந்திருக்கும், பாட்டுக்குச் சேதமில்லை. அதைப் பார்க்க வரும் இளைஞர்கள் எல்லோரும் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். இங்கே ஏன் அதை 78-இல் போட்டார்கள் என்று கேட்கத்தான் ஆள் இல்லை. நான் இந்தக் கட்டுரை எழுதுவது அந்தக் கேள்விக்காக.

ஒரே பாட்டு, ஒரே பாடகர், ஒரே ஒலிப்பதிவு. ஆனால் எந்த ஆலையில் அச்சானது என்பதைப் பொறுத்துத் தட்டு வேறாகிவிடும். இந்த வேறுபாட்டைத் தேடிப் போவதுதான் சேகரிப்பாளர்களான எங்கள் பைத்தியம். இதன் தாய்வீடு அமெரிக்கா. 1954 ஜூலையில் மெம்பிஸ் நகரின் சன் கம்பெனி, எல்விஸ் பிரெஸ்லியின் முதல் தட்டை 209 என்ற எண்ணில் வெளியிட்டது. சாம் பிலிப்ஸ் என்ற ஒற்றை மனிதரின் சின்ன கம்பெனி அது; சொந்தமாக ஆலை கிடையாது. தட்டுகளை ஊர் ஊராக லாரியில் அனுப்பினால் கூலி கட்டாது. எனவே தென்பகுதிக்கு மெம்பிஸிலேயே இருந்த பிளாஸ்டிக் புராடக்ட்ஸ் ஆலையிலும், மேற்குக் கரைக்கு லாஸ் ஏஞ்சல்ஸின் மோனார்க் ஆலையிலும் அடித்துக்கொண்டார். மெம்பிஸில் அச்சான 45 சுற்றுத் தட்டில் லேபிளைச் சாய்த்துப் பிடித்தால் மூன்று சிறு வட்டத் தழும்புகள் தெரியும். அச்சு இயந்திரம் விட்ட தடம் அது. மோனார்க் தட்டிலோ, பாட்டு முடிந்து முள் ஓடி நிற்கும் வழவழப்பான வளையத்தில் ஒரு முக்கோணமும் எண்ணும் கீறியிருக்கும். எல்விஸ் சன் கம்பெனிக்குக் கொடுத்த தட்டுகள் மொத்தம் ஐந்து. 1955 நவம்பரில் 35,000 டாலருக்கு அவருடைய ஒப்பந்தம் ஆர்.சி.ஏ.வுக்குக் கைமாறியது. அந்த ஐந்துக்கும் போலிகள் ஏராளம் உலவுவதால், தழும்பையும் முக்கோணத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த பிறகே அங்கே பணம் கைமாறும்.

நம் கதை அதற்கும் முந்தியது. 1902 நவம்பரில் ஃபிரெட் கெய்ஸ்பர்க் என்ற ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பாடவைத்துப் பதிவு செய்தார். அந்தப் பதிவு கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய், தட்டாகி, மறுபடி கப்பலேறி இங்கே வந்தது. 1908-இல் கல்கத்தா சியால்டாவில் ஆலை வந்த பிறகுதான் அந்த அலைச்சல் ஒழிந்தது. 1928-இல் டம்டம்மில் பெரிய ஆலை எழுந்தது. எம்.எஸ்.சும் தியாகராஜ பாகவதரும் நம் வீடுகளுக்கு வந்த அதே தடத்தில்தான் பின்னாளில் ராக் அண்ட் ரோலும் வந்தது.

பழைய 78 பிளேட்டு எதனால் ஆனது என்று தெரிந்தால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். கல்மாவு, பஞ்சுத் தூள், கரி. இவற்றைப் பிடித்து வைக்க அரக்கு. புரசு, இலந்தை போன்ற மரங்களில் பூச்சி சுரக்கும் அந்த அரக்கு, உலகத் தட்டு ஆலைகளுக்குப் பெரும்பாலும் நம் சோட்டா நாக்பூர்க் காடுகளிலிருந்துதான் போனது. இரண்டாம் உலகப்போரில் வரத்து ஆட்டம் கண்டதும், 1942-இல் அமெரிக்க அரசு தட்டுக் கம்பெனிகளின் அரக்குப் பயன்பாட்டில் 70 சதவீதத்தை வெட்டியது. பழைய பிளேட்டுகளைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதுசு என்று அங்கே கடைக்காரர்கள் கேட்ட காலம் அது.

ராக் அண்ட் ரோல் நம் காதுக்கு வந்தது பல வழியில். பில் ஹேலி 1954 ஏப்ரல் 12 அன்று நியூயார்க்கில் பதிந்த 'ராக் அரௌண்ட் த க்ளாக்', அடுத்த ஆண்டு ஒரு சினிமாவில் இடம்பெற்று உலகம் சுற்றியது. நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? 1958-இல் 'உத்தம புத்திர'னில் ஜி. ராமநாதன் இசையில் டி.எம்.எஸ். பாட, ஹெலன் ஆட, அரச சபையிலேயே ராக் அண்ட் ரோல் நடந்தது. இன்னொரு வழி ரேடியோ சிலோன். போர்க்காலத்தில் மவுண்ட்பேட்டனின் படைத் தலைமையகத்துக்காகக் கொழும்பில் வைத்த வலுவான டிரான்ஸ்மிட்டர் பிறகு ரேடியோ சிலோன் கைக்கு வந்தது. 1952-இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைத் தள்ளி வைத்தபோது நாடே கொழும்புக்கு முள்ளைத் திருப்பியது. தமிழ்ப் பாட்டுக்கும் இந்திப் பாட்டுக்கும் திருப்பியவர்கள் காதில் ஆங்கில ஒலிபரப்பும் வந்து விழுந்தது.

மூன்றாவது வழி ரயில்வே காலனி. நான் பெரம்பூர்க்காரன். இங்கேயும் பொன்மலை, போத்தனூர், அரக்கோணம் என்று ரயில் ஓடிய ஊர்களிலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய. சனிக்கிழமை இரவு ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் டான்ஸ் நடக்கும். எங்கள் தெருமுனை வீட்டு அங்கிள் ரேடியோகிராமை ஜன்னலோரம் வைத்து ஓட்டுவார். "உள்ளே வா மேன், வாசல்ல நின்னு என்ன பாக்கற?" என்று அவர் கூப்பிட்டுத்தான் முதன்முதலில் கிளிஃப் ரிச்சர்டைக் கேட்டேன். "நம்ம லக்னோ பையன்" என்பார். அது நிஜம். கிளிஃப் 1940-இல் லக்னோவில் ஹாரி வெப் என்ற பெயரில் பிறந்து, 1948-இல் குடும்பத்தோடு இங்கிலாந்து போனவர். பீட்டில்ஸின் தொடக்க காலத்தில் டிரம்ஸ் வாசித்த பீட் பெஸ்ட் 1941-இல் நம் மெட்ராஸில் பிறந்தவர். பார்லோஃபோனில் முதல் தட்டு வருவதற்கு இரண்டு மாதம் முன்னால் அவரைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். டம்டம் அடித்த பீட்டில்ஸ் 78 எதிலும் மெட்ராஸ்காரர் கை இல்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இப்போது, இங்கே ஏன் 78 என்ற கேள்விக்கு வருகிறேன். என் அப்பா மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, அம்மன் கோயில் திருவிழா என்று வட ஆற்காடு, செங்கல்பட்டுக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் சாமான் ஏறும். வால்வு ஆம்ப்ளிஃபயர், கார் பேட்டரி, தென்னை மரத்தில் கட்ட இரண்டு குழாய், ஒரு தகரப் பெட்டி நிறைய பிளேட்டு. சுழலும் மேடை மட்டும் சாவி கொடுத்து ஓடுவது. ஒரு பக்கம் மூன்று நிமிஷம்; ஒவ்வொரு பக்கத்துக்கும் புது முள் மாற்ற வேண்டும். நாய் படம் போட்ட முள் டப்பாவை எனக்கு எட்டாத உயரத்தில்தான் வைத்திருப்பார். விநாயகர் பாட்டில் ஆரம்பித்து மாப்பிள்ளை அழைப்பு வரை சாவி கொடுத்துக் கொடுத்து எனக்குத் தோள் வலிக்கும்.

நாடு விடுதலை அடைந்தபோது மின்சாரம் இருந்த கிராமங்கள் சுமார் 1,500 என்பது அரசுக் கணக்கு. கிராமங்களோ ஐந்து லட்சத்துக்கு மேல். அறுபதுகளிலும் பெரும்பாலான ஊர்களில் விளக்கெண்ணெயும் மண்ணெண்ணெயும்தான். 45-ஐயும் எல்.பி.யையும் ஓட்ட மோட்டார் வேண்டும், மென்மையான கைப்பிடி வேண்டும், கரண்ட் வேண்டும். ஊரெல்லாம் இருந்ததோ சாவி கொடுக்கும் பெட்டி. அதில் 78 மட்டுமே ஓடும். அதனால் மேற்கே கைவிட்ட 78-ஐ டம்டம் கைவிடவில்லை. அந்த வரிசையிலேயே ஆங்கிலப் பாட்டும் வந்தது. பீட்டில்ஸ் 78 என்ற அதிசயத்துக்கு அடியில் இருப்பது இந்த வயர் எட்டாத ஊர்களின் கணக்கு. ஆங்கிலப் பாட்டு கேட்ட டேராடூன் விடுதி மாணவனிடமும் தேயிலைத் தோட்ட பங்களாவிலும் இருந்ததும் பல சமயம் அதே சாவிப் பெட்டிதான்.

இன்னொரு காரணம் டாலர். ஐம்பதுகளின் கடைசியில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்ததும் இறக்குமதிக் கெடுபிடி இறுகியது. வெளிநாட்டுத் தட்டு கடைக்கு வருவது அரிதாயிற்று. டம்டம் எதை அடித்ததோ அதைத்தான் பெரும்பாலோர் கேட்க முடிந்தது. மிச்சம், கப்பலில் வேலை பார்த்த மாமாவின் பெட்டியில் வந்தால் உண்டு. 1969-இல் பாலிடோர் இங்கே கம்பெனி தொடங்கும் வரை மேற்கத்திய இசையில் டம்டம்முக்குச் சொல்லத்தக்க போட்டி இல்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் சிம்லா சிகரெட் நடத்திய போட்டியில் வாசித்த நம் ஊர்க் குழுக்களின் பாட்டுகள் 'சிம்லா பீட்' என்று இரண்டு எல்.பி.யாக வந்தன. அவையும் இன்று வெளிநாட்டார் வலைவீசித் தேடும் சரக்கு.

அறுபது, எழுபதுகளில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் கிளம்பின. கட்டில், பியானோ, ரேடியோகிராம் எல்லாம் ஏலத்துக்குப் போயின. பிளேட்டு கனம்; கப்பலில் உடையும். அடுக்கடுக்காக மெட்ராஸ் மூர் மார்க்கெட்டுக்கு வந்து சேர்ந்தன. பழைய புத்தகக் கடைகளுக்கு நடுவே தரையில் சாக்கு விரித்துப் போட்டிருப்பார்கள். குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் புரட்டி, வெளிச்சத்தில் சாய்த்து, கீறலை நகத்தால் தடவி எடுப்போம். "அண்ணே, இங்கிலீஷ் பிளேட்டு கேக்கற ஆளு இல்ல, மொத்தமா அள்ளிக்கோங்க" என்பார் கடைக்காரர். என் சேகரிப்பின் பாதி அப்படி அள்ளியது. 1985 மே 30-ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்தது. அரக்குக்குத் தீ என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்று போனதற்குப் பட்டியல் யாரிடமும் இல்லை.

இந்திய அச்சு மட்டம் என்று ஒரு பேச்சு உண்டு. முழுப்பொய் இல்லை. அட்டை மெலிசு, மூலையில் சீக்கிரம் பிரியும். சில தட்டுகளில் இரைச்சல் கூடுதல். ஆனால் நல்ல நிலையில் கிடைத்த அறுபதுகளின் டம்டம் எல்.பி.யை நல்ல முள்ளில் ஓட்டிப் பாருங்கள், குரல் நேரே முன்னால் வந்து நிற்கும். கெட்ட பெயருக்கு ஆலையை விட எங்களைப் போன்ற வீடுகளின் எஃகு முள்ளும் கனத்த கைப்பிடியும் முக்கியக் காரணம். ஒரு பிளேட்டைத் திருவிழா திருவிழாவாகத் தேய்த்துவிட்டு டம்டம்மைக் குறை சொல்வது நியாயமில்லை. 78-ஐ எல்.பி. முள்ளில் ஓட்டாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பள்ளம் அகலம், அதற்கென்று தடித்த முள் தனியாக இருக்கிறது.

வெளிநாட்டார் நம் தட்டை விரும்புவது அது அரிது என்பதால். நாம் அதை வைத்திருக்க வேண்டிய காரணம் வேறு. நம் ஊரில் கரண்ட் எப்போது வந்தது, யார் குடியிருந்தார்கள், யார் கப்பலேறிப் போனார்கள், எந்த ரேடியோவைத் திருப்பினோம் என்பதெல்லாம் அந்த லேபிளில் இருக்கிறது. விலைப் பட்டியலில் அது வராது.

ஆகவே ஒரு வேண்டுகோள். பரணில் பிளேட்டுப் பெட்டி இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். படுக்கவைத்து அடுக்காமல் நிற்கவைத்து அடுக்குங்கள்; வெயிலும் சூடும் படாத இடமாக இருக்கட்டும். 78-இல் ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். ஈரத் துணியே போதும். முக்கியமாக, அதை யார் வாங்கினார், எந்தக் கடையில், எந்த விசேஷத்துக்கு என்பதை வீட்டுப் பெரியவர் இருக்கும்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதி உறைக்குள் வையுங்கள். ஆலையின் பெயரை லேபிள் சொல்லிவிடும். மீதியைச் சொல்ல உங்கள் வீட்டு ஆளைத் தவிர வேறு யாரும் இல்லை.