உல்ம் வடிவமைப்புப் பள்ளியில் கோட்பாட்டுக் கல்வி

உல்ம் வடிவமைப்புப் பள்ளி என்பது 1953 முதல் 1968 வரை ஜெர்மனியின் உல்ம் நகரில் இயங்கிய உயர்கல்வி நிறுவனம் ஆகும். வரைகலை வடிவமைப்பு பயிலும் மாணவர்களுக்குக் கோட்பாட்டுப் பாடங்களைச் செய்முறைக்கு இணையாகக் கற்பித்த முன்னோடிப் பள்ளிகளுள் இதுவும் ஒன்று. கோட்பாடு வடிவமைப்பாளனுக்குத் துணையா, தலைமையா என்னும் கேள்வி இப்பள்ளியை இறுதிவரை அலைக்கழித்தது.

தோற்றம்

நாசி ஆட்சியை எதிர்த்து 1943-இல் கொல்லப்பட்ட ஹான்ஸ், சோஃபி ஆகியோரின் சகோதரியான இங்கே ஷோல், வடிவமைப்பாளர் ஓட்ல் ஐஷர், பௌஹவுஸ் மாணவரான மாக்ஸ் பில் ஆகியோர் இதனை நிறுவினர். பில் முதல் தலைவரானார். தொடக்கத்தில் யோசப் ஆல்பர்ஸ், யோகன்னஸ் இட்டன் போன்ற பௌஹவுஸ் ஆசிரியர்கள் வந்து கற்பித்தமையால், அடிப்படை வகுப்பு பெரிதும் பௌஹவுஸ் மரபையே பின்பற்றியது. கலைஞனே வடிவமைப்பின் மையம் என்று பில் கருதினார். இளைய ஆசிரியர்கள் இதனை ஏற்கவில்லை. 1957-இல் பில் விலகினார்.

பாடங்கள்

இதன் பின்னர் அர்ஜென்டினாவைச் சேர்ந்த தோமாஸ் மால்டொனாடோவின் செல்வாக்கு ஓங்கியது. அழகியல் என்பது வடிவமைப்பில் கருதவேண்டிய பல கூறுகளுள் ஒன்று மட்டுமே என அவர் 1958-இல் பிரசெல்சு உரையில் வாதிட்டார். குறியியல், சமூகவியல், உளவியல், கணிதம் ஆகியவை பாடத்திட்டத்தில் வலுப்பெற்றன. மெய்யியலாளர் மாக்ஸ் பென்சே 1950களில் தகவல் கோட்பாட்டைக் கற்பித்திருந்தார். ஹார்ஸ்ட் ரிட்டல் 1958 முதல் வடிவமைப்பு முறையியலைக் கற்பித்தார்.

இப்பாடங்கள் விரிவுரைகளோடு நின்றுவிடவில்லை. ஒரே கோடு சதுரப் பரப்பு முழுவதையும் நிரப்பும் பெயானோ வளைகோடு போன்ற கணிதக் கருத்துகளை வடிவத்தாலும் வண்ணத்தாலும் காட்டுவது அடிப்படை வகுப்பின் பயிற்சிகளுள் ஒன்றாகும். வரைகலை பயின்ற துறைக்கே 'காட்சித் தொடர்பாடல்' எனப் பெயரிடப்பட்டது. விளம்பரத்தை மட்டுமன்றி, குறியீடுகள், செய்தி, தொழில்நுட்ப விளக்கப் படங்கள் ஆகியவற்றையும் அது தன் எல்லைக்குள் கொண்டது. பட்டயம் பெறச் செய்முறைப் பணியுடன் கோட்பாட்டு ஆய்வுரையும் வேண்டப்பட்டது.

இங்குப் பயின்று பின்னர் ஆசிரியரான குயி பொன்சீபே 1965-இல் எழுதிய கட்டுரை குறிப்பிடத்தக்கது. பழைய அணியிலக்கணத்தின் வகைகளைக் கொண்டு விளம்பரங்களில் சொல்லும் படமும் இணையும் விதத்தை அவர் பகுத்துக் காட்டினார். உவமையையும் உருவகத்தையும் செய்யுளில் இனங்காணப் பழகிய மாணவனுக்கு இம்முறை அந்நியமானதன்று. வகுப்பறையில் உடனே பயன்படுத்தத்தக்க கோட்பாடு என்ற வகையில், உல்மின் கணிதப் பாடங்களைவிட இது எளிதில் பிற இடங்களுக்குப் பரவக்கூடியது.

முரண்பாடு

1960களின் தொடக்கத்தில், அளவீடும் முறையியலும் வடிவமைக்கும் திறனை விழுங்கிவிடுகின்றன என ஐஷர், ஹான்ஸ் கூகலோட் முதலியோர் எதிர்ப்புத் தெரிவித்தனர். 1962-இல் ஐஷர் தலைவரானார். மறு ஆண்டு ரிட்டல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். எளிதில் வரையறுக்க முடியாத சிக்கல்கள் குறித்து அவர் மெல்வின் வெப்பருடன் 1973-இல் வெளியிட்ட கட்டுரை, முறையியலின் எல்லைகளையே சுட்டுவது ஒரு வேடிக்கை. மாணவர்களுக்கோ, ஆசிரியர்களின் இப்பிணக்கே எந்தப் பாடத்திலும் இல்லாத ஒரு பாடமாயிற்று.

நிதி நிறுத்தப்பட்டதால் 1968-இல் பள்ளி மூடப்பட்டது.

இந்தியத் தொடர்பு

கூகலோட் 1965-இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திற்கு வருகை தந்தார். உல்மில் பயின்ற சுதாகர் நாட்கர்ணி, பின்னர் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொழில்துறை வடிவமைப்பு மையத்தை உருவாக்கினார்.